மாப்பிள்ளை போட்ட சாட்சிக் கையெழுத்து

என் மாமனார் உயிலில் கையெழுத்துப் போட்ட அன்று, ஆலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டையை அணிந்திருந்தார். சத்துவாச்சாரி வீட்டில் குடும்ப ஜெபம் அப்போதுதான் முடிந்திருந்தது. வேதப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, அதே மேஜையில் பத்திரத்தை விரித்தார். தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியாக இருந்தவர். பட்டை ஊறிய கறை நகத்தில் கடைசிவரை போகவில்லை. தன் பெயரை நிதானமாக எழுதி முடித்து, பேனாவை என்னிடம் நீட்டினார். "சாட்சி மொதல்ல மாப்ள போடட்டும்" என்றார். எனக்குப் பிறகு போதகர் போட்டார். எங்கள் ஜனங்களில் கல்யாணப் பதிவேட்டில் சாட்சி போடக் கூப்பிடுவது பெரிய மரியாதை. யாரைக் கூப்பிட்டார்கள், யாரை விட்டார்கள் என்று வருஷக்கணக்கில் பேச்சு நடக்கும். அந்த மரியாதையைத்தான் மாமனார் எனக்குச் செய்தார். சுவரோரம் நின்றுகொண்டிருந்த மச்சினன், அவருடைய ஒரே பையன், காபிகூடக் குடிக்காமல் ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசவில்லை.

உயிலில் சிக்கல் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தோம். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கு, அதாவது என் மனைவிக்கு, வீடு. மகனுக்கு விரிஞ்சிபுரத்து நிலம். மாமியார் முன்னமே கர்த்தருக்குள் போய்விட்டார். மாமனாரும் போன பிறகு, வீட்டைப் பெயர் மாற்ற வேலூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தி, சாட்சி போட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். இந்தம்மாவுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்றார். வீட்டுக்காரர் என்றேன். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு உள்ள சட்டத்தில், உயிலில் சாட்சி போட்டவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ எழுதிய சொத்து செல்லாதாம். உயில் நிற்கும், அவர்களுக்கு எழுதியது மட்டும் நிற்காது. அப்படியானால் வீடு உயிலே எழுதாத சொத்து மாதிரி. அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. நிலமோ முழுக்க அவனுக்கே. அவன் பாதியைக் கேட்டால், விற்றுப் பிரிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

திரும்பி வருகிறபோது என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். எனக்கோ, கவலைக்கு நடுவிலும், சட்டம் ஏன் இப்படி என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது. அன்பாகப் போட்ட கையெழுத்தை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? மறுநாள் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குள் நுழைந்தபோதுதான் உறைத்தது. எங்கள் கம்பெனியில் தைத்தவனே தன் ஷூவைச் செக்கிங் பண்ணி அனுப்ப முடியாது. வேறு செக்‌ஷன் ஆள்தான் பார்க்க வேண்டும். தைத்தவன் திருடன் என்று அதற்கு அர்த்தமில்லை. சாட்சியும் அந்த வேறு செக்‌ஷன் ஆள்தான் போலிருக்கிறது. அப்போது இன்னொன்றும் புரிந்தது. அன்றைக்கு மச்சினனைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தால், அவன் நிலத்துக்கும் இதே கதி ஆகியிருக்கும்.

ஜெபம் பண்ணிவிட்டு ராணிப்பேட்டைக்குப் போனோம். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், பாதி வீடு சட்டப்படி அவனுடையது என்பதையும் சேர்த்து. கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தான். "அப்போ அப்பா என்னக் கூப்புடாம வுட்டது என் நல்லதுக்குன்றீங்களா, மாமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். வாய் வரவில்லை. "இல்லப்பா. அவருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னத்தான் சாட்சி போடாம நிறுத்தி வெச்சிருப்பாரு" என்றேன்.

அவன் சிரிப்பு போய்விட்டது. "வீடு இன்னா பெரிய வீடு. பெத்த புள்ள நிக்கிறேன், மாப்ளய கூப்பிட்டாரே. அதான் மாமா ஆறல."

என் மனைவி தம்பி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "உன்ன வெளியாளா நெனச்சி வுடலடா. வெளியாள உள்ளாளாக்கப் பாத்தாரு. உன்ன எதுக்குடா புதுசா ஆக்கணும்?" என்றாள். அவன் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். கையெழுத்துக்கு எப்போ வரணும் என்று மட்டும் கேட்டான்.

சப்ரிஜிஸ்தர் ஆபீசில், வீட்டில் மச்சினன் தன் பங்கை அக்காவுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. சாட்சிக்குப் பக்கத்து வீட்டு பாய்மார் இருவர் வந்திருந்தார்கள். "மாமா, நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க, பேனாவத் தொட்டுறப் போறீங்க" என்றான் மச்சினன். பாய்மார் சிரித்துவிட்டார்கள். நானும் நகர்ந்து நின்றேன்.

பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேண்டும் என்றார் எழுத்தர். இவன் முதல் பக்கத்தில் ரொம்ப நேரம் குனிந்திருப்பதைப் பார்த்து, இனிஷியல் போட்டாலே போதும் என்றார். இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தன் பேருக்கு முன்னால் அப்பா பேரை முழுசாக எழுதினான்.