சின்னம்மா பொருத்திய பதினேழு கண்ணாடிகள்

விரைவுப் பசை என்று சிறு குழாயில் விற்கிறார்களே, அதை நம்பி இந்த மாதம் மட்டும் ஒன்பது கண்ணாடிகளைப் பாழாக்கிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு, ஈப்போவில் என் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து சின்னஞ்சிறு பேருந்துகளும் லாரிகளும் செய்துகொண்டிருக்கிறேன். உடல் பாகமெல்லாம் ஒழுங்காக வந்துவிடும். சன்னலில்தான் மானம் போகும். தெளிவான பிளாஸ்டிக் துண்டை வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டுப் பசையைத் தொட்டுவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்திருக்கும். அது பசையின் ஆவி செய்கிற வேலை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இதற்கு எனக்கு ஒன்பது கண்ணாடி தேவைப்பட்டது. என் சின்னம்மாவுக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. செமோருக்கு அப்பால் இருந்த ரப்பர் தோட்டத்தில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். புகைக்கூடத்தில் அவருக்கு வேலை. புகையில் காய்ந்து தேன் நிறத்தில் வரும் ரப்பர் ஷீட்டுகளை, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் விரிப்பார். உள்ளே தூசியோ குமிழோ தெரிந்தால் கத்தரியால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பார். ஒரு நாளைக்கு முந்நூறு ஷீட். ஆறு வருடம் அந்த மேசை அவருடையதாக இருந்தது. அவர் கையை விட்டுப் போன ஷீட்டுகளை அடுத்த அறையில் தரையில் அடுக்கிக் கட்டாகக் கட்டுவார்கள். அந்த அறை, தோட்டத்துக் கணக்கு வழக்குகளைப் பார்த்த கிராணியின் பொறுப்பு.

ஒருமுறை ரப்பர் வாங்குகிறவர்கள் ஒரு கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே மணல். கிராணி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “கண்ணு அவிஞ்சி போச்சா ஒனக்கு? நாளையிலருந்து புல்லு வெட்டப் போ” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். சின்னம்மா மறுநாளே மண்வெட்டியோடு வெளிக்காட்டுக்குப் போனார். கூலி குறைந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் தெரியவில்லை என்ற சொல்தான் அவரைத் தின்றது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார், தூங்கினார், எழுந்து போனார். இப்படி ஐந்து வாரம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். நான் நான்காம் வகுப்பு. ஈப்போவுக்குப் போகும் பேருந்தைச் செய்வதென்று தீர்மானித்தேன், அதுவும் அளவு பிசகாமல். முச்சந்தியில் பேருந்து நிற்கும்போது அம்மாவின் தையல் நாடாவோடு ஓடி ஓடி அளந்தேன். “டேய், பஸ்ஸ வாங்கப் போறியா? மொதலாளிக்கிட்ட சொல்லட்டா?” என்று கண்டக்டர் கத்துவார். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு. பலகையும் அட்டையும் சேர்த்து உடலைச் செய்து முடித்தேன். சன்னல்கள் பதினேழு: பக்கத்துக்கு ஏழு, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

சிகரெட் பெட்டியின் மேலுறைக் கண்ணாடித் தாளை ஒட்டிப் பார்த்தேன். சுருங்கிப் போயிற்று. தாளில் எண்ணெய் தடவிப் பார்த்தேன். பேருந்துக்குக் கண்புரை வந்ததுபோல் இருந்தது. கடைசியில், அம்மா எங்கள் பிறப்புப் பத்திரங்களைப் போட்டு வைத்திருந்த சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியைத் திருடினேன். தெளிவான மூடிதான், ஆனால் மேலெல்லாம் கீறல். அதை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தபோது சின்னம்மா வேலை முடிந்து வந்தார். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு என் கையிலிருந்து மூடியை வாங்கினார். வாசலுக்குப் போய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஐந்து வாரத்தில் அவர் எதையும் அப்படி உற்றுப் பார்த்து நான் காணவில்லை.

“எத்தன வேணும்?”

“பதினேழு. ஆனா பூராவும் கீறல் சின்னம்மா. அறுபத்து மூணு. எண்ணிட்டேன்.”

“கீறல எதுக்குடா எண்ணுற? கீறல் இல்லாத எடத்தப் பாரு.”

கீறலுக்கும் கீறலுக்கும் நடுவே, அஞ்சல் தலையைவிடச் சற்றுப் பெரிய இடங்களைத் தேடித் தேடிப் பதினேழு சதுரங்களை வெட்டினார். ஒன்று நேராக, ஒன்று சாய்வாக, ஒன்று மூலையில். மிஞ்சிய பிளாஸ்டிக் எலி கடித்த வலைபோல் இருந்தது. வெட்டிய துண்டுகளில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் ஒன்றை எடுக்கப் போனேன்.

“தொடாத. வெரல்ல எண்ணெ இருக்கு.”

“கையக் கழுவிட்டேன்.”

“கழுவுனாலும் இருக்கும்லா. வெளிம்பப் புடி.”

ஒட்டுவதற்கு எங்கள் தோட்டத்தில் என்ன பஞ்சம்? ஒரு சிரட்டையில் ரப்பர் பால் கொண்டுவந்தார். அதை ஈர்க்குச்சியில் தொட்டு, சன்னல் சட்டத்தின் உட்புறத்தில் மட்டும் மெல்லிய கோடாகத் தடவினார். கண்ணாடியில் ஒரு துளியும் படவில்லை. பால் வெள்ளை மாறிப் பிசுபிசுக்கும் வரை காத்திருந்து, உள்ளிருந்து கண்ணாடியை வைத்து விளிம்பை அழுத்தினார். பிதுங்கி வந்ததை நகத்தால் உருட்டியதும் நூலாகத் திரண்டு கையோடு வந்துவிட்டது. பின்பக்கக் கண்ணாடி வளைவாக இருக்க வேண்டும். அதைக் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டி, ஒரு போத்தலின் மேல் மெல்ல வளைத்தார். ஆவியில் அதிக நேரம் வைத்தால் சுருண்டுவிடும், குறைத்தால் வளையாது. அவர் கணக்கு எதுவும் வைத்துக்கொள்ளாமலே சரியாக எடுத்தார். எனக்கு இன்றும் அது வரவில்லை.

சனிக்கிழமை கண்காட்சி. தோட்டத்து மேலாளரான துரை பரிசு கொடுக்க வருவதாக இருந்தது. அவருக்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கக் கிராணி வந்தார். கையில் ஒரு பொட்டலம் கச்சான், வறுத்த நிலக்கடலை. என் பேருந்தின் முன் நின்றார்.

“என்னடா இது? பஸ்ஸு பாகுஸ்லா, ரொம்ப நல்லாருக்கு, கண்ணாடி எங்கடா? மழ பேஞ்சா உள்ள கொட பிடிக்கணுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். கிராணி சிரித்தால் நாங்கள் சிரிப்பது வழக்கம். சிரித்துக்கொண்டே அவர் இடப்பக்க மூன்றாவது சன்னலுக்குள் விரலை விட்டார். விரல் போகவில்லை. டொக்கென்று நின்றது. சிரிப்பும் நின்றது. விரலை எடுத்த இடத்தில் கச்சான் எண்ணெயோடு கைரேகை, ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தெரிந்தது.

நான் அலறிக்கொண்டு சட்டை நுனியால் துடைக்கப் பாய்ந்தேன்.

“தொடைக்காத!”

கூட்டத்தின் பின்னாலிருந்து சின்னம்மா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முன்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது துரை உள்ளே நுழைந்தார். வெள்ளைக்காரர், ஆனால் தோட்டத்துத் தமிழ் பேசுவார். குனிந்து, ஒவ்வொரு சன்னலாகப் பார்த்தார். கண்ணாடி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டியிருந்தது.

“யார் கண்ணாடி போட்டது? ரொம்ப சுத்தம்.”

“நான்தாங்க தொரே.”

“இது என்ன?” துரை மூன்றாவது சன்னலைக் காட்டினார்.

“என் கையில இருந்தப்ப இல்லீங்க. என் கைய விட்டுப் போன பொறவு வந்தது.”

அவ்வளவுதான் சொன்னார். கிராணியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “பதினாறு கண்ணாடி சுத்தமா இருக்கு தொரே! இது ஒண்ணு கிராணி ஐயா வெரலு!” என்று விம்மலோடு கத்தினேன். பால் வெட்டுக்காரரான அப்பா தரையைப் பார்த்தார். கிராணி கைக்குட்டையைத் தேடினார்.

“நீ எங்க வேலை?” என்று துரை சின்னம்மாவைக் கேட்டார்.

“முன்ன புகைக்கூடத்துல, கண்ணாடி மேசையில. இப்பப் புல்லு வெட்டுறேங்க.”

துரை கிராணியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பரிசு கொடுக்கப் போனார். முதல் பரிசு சிரட்டையில் செய்த ஒரு தேருக்குப் போயிற்று. எனக்கு இரண்டாவது.

மறுநாள் ஞாயிறு. துரை கட்டுக் கட்டும் அறைக்குப் போய், பாயில்லாத வெறுந்தரையைக் கையால் தடவி, கையில் ஒட்டிய மணலைக் கிராணியிடம் காட்டினாராம். பெரியவர்கள் பேசியது என் காதில் விழுந்தது, மனத்தில் ஏறவில்லை. துடைக்க விட்டிருந்தால் முதல் பரிசு எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சின்னம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

திங்கள் காலை, இடுப்பில் தம்பியோடு அம்மா, எங்கள் வீட்டு வரிசையான லயத்தின் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் வெளிக்காடு, வலது பக்கம் புகைக்கூடம். கையில் மண்வெட்டி இல்லாமல் நடந்து போன சின்னம்மா வலது பக்கம் திரும்பினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க மறுபடியும் வந்தது.

பள்ளிக்குக் கிளம்பியிருந்த எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அருகில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அழுவாதம்மா. அடுத்த வருசம் கண்டிப்பா மொதப் பரிசு வாங்கிர்றேன்.”