மணி கட்டிய மந்தி

கண்ணுகளா, பாய் தன் போனில் எடுத்து அனுப்பிய வீடியோவை நீங்கள் இரண்டு பேரும் பார்த்தீர்கள். கழுத்தில் மணி கட்டிய குரங்கு ஒன்று ஓடுகிறது. அதற்குப் பயந்து அதன் கூட்டமே முன்னால் ஓடுகிறது. கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கிற பொம்மைகளைப் பதிலாக வரிசையாக அனுப்பியிருந்தீர்கள். இப்போது, மேட்டு வீட்டு அத்தை நம்மிடம் சொல்லிக்கொள்ளாமல் ஏன் சேலத்துக்கு இறங்கிப் போனார் என்று கேட்கிறீர்கள். வீடியோவும் அத்தை போனதும் ஒரே விஷயம்தான். போனில் சொல்லிப் பார்த்தேன், பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் அப்பா உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர் என்பது உங்களுக்குத் தெரியும். மஞ்சக்குட்டைப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்ந்த அண்ணன், ஏற்காட்டில் மளிகைக் கடையை மகன் கையில் கொடுத்துவிட்ட பாய், நீங்கள் அத்தை என்று கூப்பிடுகிற மேட்டு வீட்டு அக்கா, பிறகு ஜீப் ஓட்டுகிற நான். மூன்று பேரும் என்னைவிட நன்றாக மூத்தவர்கள். எல்லாருக்கும் வீட்டைச் சுற்றித் தோட்டம் உண்டு. தனியாகப் பார்த்துக்கொள்ளும் உடம்புதான் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. அதனால் ஒரு நாள் ஒருவர் தோட்டம் என்று முறை வைத்திருந்தோம். ரைட்டர் அண்ணனால் குனிய முடியாது, ஏணியைப் பிடிப்பார். பாய்க்கு ஏணியைக் கண்டாலே தலை சுற்றும், கீழே களை பிடுங்குவார். ஏறுவது, வெட்டுவது, சுமப்பது என் பங்கு. அக்கா எல்லா வேலையும் செய்வார், எல்லாரையும் திட்டவும் செய்வார்.

அக்கா ஒரு காலத்தில் அந்த அண்ணனுக்குக் கீழே காப்பிப் பழம் பறித்தவர். அண்ணன் இன்றைக்கும் தோட்டத்துக்குள் நுழைந்ததும் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எடுப்பது போல மஸ்டர் எடுப்பார்.

"பாய்?"

"வந்துட்டேனுங்க தொரை."

"டிரைவர்?"

"இருக்கேனுங்க."

"அம்மிணி, நீ லேட்டு. உனக்கு அர நாளுதான்."

"அட போங்க. ஏணியெப் புடிச்சுட்டே தூங்கறவரு எனக்கு அர நாளு போடறாராமா. இவரு புடிக்கற ஏணியில தம்பி ஏறுதே, அதுக்குத்தான் நொம்பத் தைரியம்."

அக்காவின் வாய் அப்படி. கையும் அப்படித்தான். முட்டை விடாத கோழியைப் பேசிக்கொண்டிருக்கும்போதே திருகிப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வார்.

அவருடைய ஒரே மகன் சேலத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். அக்காவின் வீட்டுக்காரர், உங்கள் மாமா, இறந்த பிறகு, மலை வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடு என்று ஒவ்வொரு தடவையும் சண்டை. கடைசியாக அவர் வந்திருந்தபோது எங்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டே அக்கா ஒரு பேச்சு பேசினார்.

"இந்த வருசம் சௌசௌ பந்தல் காச்சுதுன்னா நான் இங்கயேதான் கெடப்பேன். நீ வாயத் தொறக்கப்படாது. காய்க்கலீன்னா எம்பட பொட்டியெ நானே கட்டறேன்."

மகன் பந்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றார். அவர் தைரியமாகச் சரி சொல்லக் காரணம் இருந்தது. அந்தப் பந்தலில் பிஞ்சு தங்கியதே கிடையாது. குரங்குக் கூட்டம் காலையில் ஒரு தரம் வரும், சாயங்காலம் ஒரு தரம் வரும். தின்பது கொஞ்சம், கடித்து எறிவதுதான் அதிகம். அக்காவின் நாய்க்குப் பல்லும் போய்விட்டது, காதும் போய்விட்டது. குரங்கு அதன் முதுகைத் தாண்டிக் குதித்தாலும் படுத்தேயிருக்கும்.

எங்கள் பக்கம் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒன்றைப் பிடித்துக் கழுத்தில் மணி கட்டி விட்டுவிடுவது. அது தன் கூட்டத்தோடு சேர ஓடும். மணிச் சத்தத்துக்குப் பயந்து கூட்டம் ஓடும். இது விடாமல் பின்னாலேயே போகும். கூட்டம் நிற்க இடமில்லாமல் வேறு மலைக்குப் போய்விடும். எஸ்டேட்டில் முன்பு செய்ததாக அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தார்.

"பாவமுங்க அது," என்றார் பாய்.

"பாவம் பாக்கறவரு நாளைக்கிருந்து உங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி எல வெச்சுச் சோறு போடுங்க. நானு சேலத்துல மூணாவது மாடியில ஒக்காந்துட்டு உங்களெ நெனச்சுக்கறேன்," என்றார் அக்கா.



கோழிக் கூண்டுக்குள் பழத்தை வைத்து, கதவில் கயிறு கட்டி, சமையலறை ஜன்னலிலிருந்து இழுத்தோம். கூட்டத்துக்குத் தலைவனான கடுவனைப் பிடிக்கத்தான் திட்டம். அது கூண்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. அகப்பட்டது ஒரு மந்தி. பால் மறந்தும் மறவாத அதன் குட்டி வெளியே நின்று கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது.

"வேற புடிக்கலாமாக்கா? இதுக்குக் குட்டி இருக்குது," என்றேன்.

"குட்டி இருந்தாத்தான் கூட்டத்தெ உடாமத் தொரத்தும். சாக்கெப் போடு தம்பி."

சாக்கைப் போட்டு நான் அழுத்திக்கொண்டேன். பழைய ஆட்டு மணி ஒன்று அக்காவிடம் இருந்தது. கயிற்றில் கட்டினால் கடித்து அறுத்துவிடும் என்று அண்ணன் கட்டுக்கம்பியை நீட்டினார். அக்காதான் குறட்டால் முறுக்கினார். மந்தி சாக்குக்குள் நடுங்கியது என் முழங்கால் வரைக்கும் தெரிந்தது. முறுக்கி முடித்ததும் விட்டுவிட்டோம்.

அது நேராகக் குட்டியிடம்தான் ஓடியது. பலா மரத்தடியில் குட்டி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் மணி அடித்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு குட்டி வீறிட்டு மரத்தில் ஏறியது. மந்தியும் ஏறியது. மொத்தக் கூட்டமும் கிளைக்குக் கிளை பறந்து சரிவில் இறங்கியது. பாய் எடுத்தது இந்த இடத்தைத்தான்.

"பெத்தது! பெத்ததே ஓடுது பாருங்க!" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீடியோவில் கேட்கிற சத்தம் அவருடையது. நாங்களும் சிரித்தோம்.

அந்த வழி பலித்தது. சரிவுப் பக்கம் கொஞ்ச நாள் மணிச் சத்தம் தூரத்தில் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. பந்தலில் பிஞ்சு தங்கியது. பிஞ்சு காயானது. அக்கா தினமும் காய்களைப் போட்டோ எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் மகனுக்கு அனுப்புவார். மகனிடமிருந்து பதில் வராது. அந்தப் பதில் வராததை எங்களிடம் காட்டிச் சிரிப்பார். வீட்டுச் சண்டையில் ஜெயிக்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அப்போது பார்த்தேன்.

மழை பிடித்த சமயத்தில் மந்தி தனியாகத் திரும்பி வந்தது. மேட்டு வீட்டுத் தகரக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இளைத்திருந்தது. ஒரு காதில் கடிபட்ட புண். தன் கூட்டமே கடித்திருக்க வேண்டும். சொறிந்தால் மணி, திரும்பினால் மணி, குளிரில் நடுங்கினால் மணி. கீழே அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. கல்லால் அடித்தார். கொதிக்கிற கஞ்சித் தண்ணீரை வீசினார். ஒரு பக்கத்துக் கூரையிலிருந்து மறுபக்கத்துக் கூரைக்குப் போகும், அவ்வளவுதான். போக அதற்கு இடம் இல்லை.

"கம்பிய அறுத்து உட்ரலாமுங்க தங்கச்சி. பந்தல்தான் காச்சிருச்சே," என்றார் பாய்.

"காச்சதெப் பறிக்கோணுமல்ல? இன்னும் பூ நிக்குது. இதெ அறுத்தம்னா நாளைக்கே கூட்டத்தெக் கூட்டிட்டு வந்துரும். மணி அது கழுத்துல இருக்கற வரைக்குந்தான் நானு இந்த ஊட்டுல."



தின்னும்போது மட்டும் அது ஆடாமல் இருக்கிறது என்று அக்கா கண்டுபிடித்தார். அதனால் ஓர் அலுமினியத் தட்டில் மீந்த சோற்றைப் போட்டு, பின்பக்கத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். சத்தம் நிற்கத்தான் வைத்தார், இரக்கப்பட்டு அல்ல. அவரே அப்படித்தான் சொன்னார். பிறகு தினமும் வைத்தார். மந்தி தின்றுவிட்டு அக்காவின் நாய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு உண்ணி பார்க்கும். நாய்க்குக் காது கேட்காதல்லவா. அந்த மலையில் மணிக்குப் பயந்து ஓடாதது அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் நான்கு பேரும் பந்தலடியில் காய் பறித்துக்கொண்டிருந்தோம். தோட்டத்துக் கடைசியில் சில்வர் ஓக் மரங்களில் கிளை அசைந்தது. பழைய கூட்டம். கூரையில் உட்கார்ந்திருந்த மந்தி எழுந்து நின்றது. எழுந்து, ஒரு கையால் கழுத்து மணியைப் பொத்திப் பிடித்துக்கொண்டது. கண்ணுகளா, நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். மணியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, மூன்று காலில், தகரத்தின்மேல் சத்தமே இல்லாமல் நடந்தது. பலாக் கிளையில் இறங்கியது. அங்கிருந்து மெல்ல மெல்ல அடுத்த மரம். குட்டி எதிர் மரத்தில் இருந்தது, நன்றாக வளர்ந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு தாவல்தான். தாவுவதற்கு இரண்டு கையும் வேண்டும்.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு கையை விட்டுத் தாவியது. மணி அடித்தது. குட்டிதான் முதலில் ஓடியது.

"சர்க்கஸ்ல சேத்து உட்டா நல்லாச் சம்பாரிக்கும்," என்றார் ரைட்டர் அண்ணன்.

"வாயெ மூடுங்க," என்றார் அக்கா. காய்க் கூடையை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் பாய் கூப்பிட்டு ஜீப்பை எடுத்துவரச் சொன்னார். போனால், அக்கா வலது கையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணி முழுக்கச் சிவப்பு. துவைக்கிற கல்லடியில் குறடு கிடந்தது. ஜீப்பில் சேலம் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு கேட்டுக் கேட்டுத்தான் நடந்ததை வாங்கினேன்.

"அறுத்துட்டீங்களாக்கா?"

"இல்ல தம்பி. தின்னுட்டிருக்கறப்போ பின்னால போயிப் புடிச்சேன். கம்பி தோலுக்குள்ள போயிருச்சு. குறடு புண்ணுலதான் பட்டுது. அப்பறம் கடிக்காம என்ன பண்ணும்?"

"அறுத்திருந்தா கூட்டம் வந்திருமேக்கா. பந்தலு?"

"தின்னுட்டுப் போவட்டும்னுதான் போனேன்."

ஊசி போட்டுத் தையல் போடுவதற்குள் மகன் வந்துவிட்டார். அக்கா அவரைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "பந்தல் காச்சிருச்சு, தெரியுமல்ல?" என்பதுதான்.

மகன் கோபப்படவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தார். "காச்சுதும்மா. நீதான் ஜெயிச்ச. கையப் பாரு, இனி நீ அங்க எப்படி இருப்ப?" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் அக்கா மலை ஏறியிருப்பார். அவர் நல்ல விதமாகப் பேசிவிட்டார். பெட்டியை அக்கா கட்டவில்லை. மகன்தான் வந்து கட்டினார். மூன்றாவது மாடியில் நாய்க்கு இடம் இல்லை என்று நம்மிடம் விட்டுப் போனார். நம் வாசலில் படுத்திருக்கிற நாய் மேட்டைப் பார்த்தே ஏன் படுக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கும் இதுதான் பதில்.

மந்தி இப்போதும் அந்தக் கூரையில் இருக்கிறது. நானும் அண்ணனும் மறுபடி கூண்டு வைத்தோம். அது கூண்டு இருக்கிற பக்கமே இறங்கவில்லை. காட்டிலாகாவுக்குச் சொல்லலாம் என்றேன். "கட்டுனது ஆருன்னு கேப்பாங்களே," என்று அண்ணன் பேச்சை மாற்றினார். பந்தலில் காய் முற்றி, முளைவிட்டுத் தொங்குகிறது. அத்தனையும் இன்றைக்கு மந்திக்குத்தான். ஆனால் அது பந்தலைத் தொடுவதில்லை. சோறு வைக்கிற நேரத்துக்குத் துவைக்கிற கல்லுக்கு வந்து, காலித் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் இரண்டொரு நாள் சோறு வைத்தேன்.

அது அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. போன் செய்தார்.

"சோறு வெக்கறியாமா?"

"பாக்கப் பாவமா இருக்குதுக்கா."

"பாவம் பாக்காத சாமி. நீ எத்தன நாளைக்கு வெப்ப? ஜீப்புக்குப் போற அன்னைக்கு ஆரு வெப்பா? அது தட்டெயே பாத்துட்டுக் குளுருல ஒக்காந்திருக்கும். தட்டெக் கவுத்து வெச்சுரு. தட்டு இல்லீனா அதுவாப் பந்தலுக்குப் போயித் திங்கும்."

"சரிங்கக்கா."

"கழுவிக் கவுத்து வையி. வாசம் இருந்தா நம்பிட்டே இருக்கும்." போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். "மணி சத்தம் கேக்குதா?" என்றார்.

"இங்க நம்மூட்டுல இருந்து கேக்காதுக்கா," என்றேன்.

அன்று சாயங்காலம் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு நான் மட்டும் மேட்டுக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. கூரைமேல் மணி ஒரு தரம் சிணுங்கியது, உடனே நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தொட்டியில் தண்ணீர் மொண்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, தட்டில் வாசம் போகக் கழுவினேன். துவைக்கிற கல்லின்மேல் கவிழ்த்து வைத்தேன். காற்றில் புரண்டுவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு கல்லையும் எடுத்து வைத்தேன்.