இயக்குநருக்குக் கிடைக்காத ஒரு வாரம்

ரவுண்ட் ராக் ஊரிலிருந்து கார் ஓட்டிப் போய் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், நீர் ஆராய்ச்சி மையத்துக்கு ஒரு பூர்வகுடிப் பேராசிரியரை இயக்குநராக நியமித்தார்கள். அவர் இனத்திலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அவருடைய காலண்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

எல்லாக் கமிட்டிக்கும் அவர் வேண்டியிருந்தது. எந்த விழாவானாலும் புகைப்படத்தில் அவர் நிற்க வேண்டும். ஒரு நாள் என் மேசைக்கு வந்தார்.

"எங்கள் ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஊருக்குப் போக வேண்டும். ஒரே ஒரு வாரம் ஒதுக்கித் தர முடியுமா?"

அந்த செமஸ்டர் முழுவதும் தேடினேன். சேர்ந்தாற்போல் மூன்று நாள்கூடக் கிடைக்கவில்லை. சில கமிட்டிகளிலிருந்தாவது அவரை விடுவிக்கும்படி டீனிடம் போய்க் கேட்டேன்.

"பூர்வகுடிகளில் நம்மிடம் இருப்பது அவர் ஒருவர்தானே? வேறு யாரை உட்கார வைப்பது?" என்றார் டீன், அன்பாகத்தான். திரும்பி வந்து, டீன் அனுப்பிய இன்னொரு கூட்ட அழைப்பையும் நானே இயக்குநரின் காலண்டரில் ஏற்றினேன்.

கோடை விடுமுறைக்கு முன் இயக்குநர் ராஜினாமா செய்தார். போகும்போது என் கையைப் பிடித்து, "நீங்கள் முயற்சி செய்தீர்கள்" என்றார். எனக்குக் கூசியது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "டீன் வரைக்கும் எஸ்கலேட் பண்ணிட்டேல்ல? அதுக்கு மேல நீ என்ன பண்ண முடியும்?" என்றார்.

மறுநாள் டீனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. புது இயக்குநருக்கான விளம்பரத்தை நான் எழுத வேண்டுமாம். பூர்வகுடி அறிஞர்களை வரவேற்கிறோம் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டுமாம்.

எழுதிக் கொடுத்தேன்.