ஜெயிந்தியா மலையில் ஒரு மடை

மே மாதத்தின் முதல் வாரம். உளுந்து எடுத்தாயிற்று. மேட்டூர் திறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. எங்கள் பாபநாசம் பக்கத்து விவசாயிகள் வருடத்தில் சும்மா இருப்பது இந்த நாட்களில்தான். சும்மா இருக்கும் செல்வத்தை வீட்டில் வைத்துக்கொண்டு சமாளிப்பது லேசான காரியமில்லை. செல்வம் என் கணவர். நன்றாக ஓடுகிற மோட்டாரைப் பிரித்துப்போட்டு ரிப்பேர் பார்ப்பார். ஆகவே மேகாலயா போகலாமா என்று நான் கேட்டபோது அவர் எவ்வளவு தூரம் என்றுகூடக் கேட்கவில்லை.

"வயல் இருக்கற ஊரா?" என்றார்.

"வயலைப் பாக்கத்தாங்க கூப்பிடுறா."

கூப்பிட்டது இபா. தஞ்சாவூரில் நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில் எட்டு வருடம் என்னோடு வேலை பார்த்தவள். ஜெயிந்தியா மலைக்காரி. முதல் வருடம் 'தண்ணி', 'ஊசி' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு வார்டையே நடத்தினாள். பிறகு எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசி, காய்கறிக்காரரிடம் பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். சென்ற வருடம் அவள் அம்மா இறந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவர்கள் வழக்கத்தில் வீடும் நிலமும் கடைசிப் பெண்ணுக்குத்தான். இபா கடைசிப் பெண். அக்காள்மார் கல்யாணமாகித் தனியே போய்விட்டார்கள்.

அந்த நிலத்தில்தான் சிக்கல். அடியில் கரி இருக்கிறது. குழி போட ஆள் தயாராக இருக்கிறது. கொடுத்துவிடு என்கிறார் தாய்மாமன். நெல் போடுவேன் என்கிறாள் இபா. "நெல்லு வெளையுமான்னு அண்ணன் வந்து பாத்துச் சொல்லட்டும் அக்கா. வெளையும்னு சொன்னா மாமாவை நான் சமாளிச்சுக்குவேன்" என்று போனில் சொன்னாள். டெல்டா விவசாயி ஒருவர் வந்து பார்த்துச் சொன்னால் மாமா மறுத்துப் பேச மாட்டார் என்பது அவள் நம்பிக்கை. செல்வத்துக்குத் தலை கால் புரியவில்லை. மூன்று அண்ணன் தம்பிகளில் கடைசி அவர். பாகம் பிரித்தபோது வந்ததும் கடைசித் துண்டுதான். "நீங்க அங்க பொண்ணாப் பொறந்திருக்கலாம்" என்றேன். சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை குவாஹாட்டியில் ஷேர் சுமோ ஏறினோம். ஷில்லாங் வரை நூறு கிலோமீட்டர், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய். அங்கிருந்து வேறு வண்டியில் ஜோவாய், அறுபத்தைந்து கிலோமீட்டர், இருநூறு ரூபாய். சமவெளியிலேயே பிறந்து வளர்ந்த நான் ஒவ்வொரு வளைவிலும் முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செல்வம் நான்கு வருடம் குவைத்தில் கற்ற இந்தியை வைத்துக்கொண்டு டிரைவரோடு உறவு கொண்டாடிக்கொண்டிருந்தார்.

ஜோவாய் தாண்டியதும் மரங்கள் குறைந்தன. சாலையோரம் கறுப்புக் குவியல்கள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு எங்கள் ஊரில் நெல் கொள்முதல் நிலையத்தில் அறுவடை நேரத்தில் குவிந்து கிடப்பதைப்போல வரிசையாக. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். இந்தக் கரிக்குழிகளுக்குத் தடை இருக்கிறதே என்று செல்வம் கேட்டார். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"இருக்கு. அதனாலதான் தார்ப்பாய் போட்டிருக்கு" என்று அவர் சொன்னதாகச் செல்வம் எனக்கு மொழிபெயர்த்தார்.

இபாவின் வீடு ஜோவாயிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஒரு சரிவில். நாங்கள் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வாசலிலேயே பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் கொடுத்தாள். வீட்டுக்கு வருபவருக்கு முதலில் அதைத்தான் கொடுப்பார்களாம். கும்பகோணம் வெற்றிலைக்குப் பழகியவர்கள் என்று அலட்சியமாக வாயில் போட்டோம். பச்சைப் பாக்கு. இரண்டே நிமிடத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. செல்வம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இபா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா இறந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். "வயலை நாளைக்குக் காட்டறேன் அண்ணா, மாமாவும் வருவாரு. படுங்க" என்றாள்.

நடந்த தவறுக்கு அந்த ஊர்ச் சூரியனும் ஒரு காரணம் என்று இன்றுவரை செல்வம் வாதாடுகிறார். அங்கே ஐந்து மணிக்கு முன்பே நன்றாக விடிந்துவிடுகிறது. வெளிச்சத்தைப் பார்த்ததும் ஏழு மணிவரை தூங்கிவிட்டோம் என்று பதறி எழுந்திருக்கிறார். வீட்டில் யாரும் எழவில்லை. வெளியே வந்தவரின் கண்ணில் கீழே பள்ளத்தில் வயல் பட்டிருக்கிறது. பட்ட பிறகு அவர் நிற்பாரா?

எங்கள் கணக்கில் மூன்று மா தேறும், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். மேலே ஒரு பாதி, ஒரு முழம் தாழ்வாகக் கீழே ஒரு பாதி. மேல் பாதியில் ஊற்றுத் தண்ணீர் கசிந்து ஈரமாக இருந்தது. கீழ்ப் பாதி காய்ந்து வெடித்திருந்தது. அதை ஒட்டி ஒரு வாய்க்கால், அதில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வாய்மடையைக் கல்லும் சாக்கும் வைத்து யாரோ அடைத்திருந்தார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும்போது பக்கத்து வயல் காய்ந்து கிடப்பதை எங்கள் ஊர் ஆள் எவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர் எங்களுடையது. தண்ணீர் வரும்போது பாய்ச்சாவிட்டால் பிறகு கிடையாது. பக்கத்து வயல்காரர் வெளியூர் போயிருந்தால் அவருக்கும் சேர்த்து மடை திறந்துவிடுவோம். அது எங்களுக்கு உதவிகூட இல்லை, வழக்கம்.

செல்வம் சாக்கை இழுத்துப்போட்டுக் கற்களைப் புரட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்.

தண்ணீர் பளிங்காக இருந்தது என்கிறார். வாய்க்கால் கற்களில் செம்மண் நிறத்தில் ஒரு படிவு இருந்ததையும் பார்த்திருக்கிறார். காவிரியில் புதுத் தண்ணீர் வரும்போது செக்கச்செவேலென்றுதான் வரும். அந்த வண்டல்தான் எங்கள் மண்ணுக்கு உரம். அந்தச் சிவப்பைப் பார்த்து அவருக்குச் சந்தோஷமே வந்திருக்கிறது.

நான் எழுந்து வந்தபோது மனிதர் வரப்பில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். கீழ்ப் பாதி முழுக்கத் தண்ணீர் கட்டி வானம் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் கட்டிய வயலில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. அதை நானும் கவனிக்கவில்லை.

மேலே பாதையில் மாமா வந்துகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கோட்டும் ஷூவும் போட்டிருந்தார். விருந்தாளிகளைப் பார்க்க வருவதற்கென்று உடுத்தியது போலிருந்தது. வயலைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு ஏதோ கத்திக்கொண்டே சரிவில் ஓடிவந்தார். ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கி, கீழ் வரப்பைக் காலால் உதைத்து உடைத்தார். செல்வம் ஒன்றும் புரியாமல் நின்றார். சத்தம் கேட்டு ஓடிவந்த இபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, அது கரிக்குழியில இருந்து வர்ற தண்ணி, ஆசிட் மாதிரி. வயல்ல விடறதுக்கு இல்ல அது. அதான் அடைச்சு வெச்சிருந்தேன்."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்வம் மடையை அடைத்தார். இபா கொண்டுவந்த மண்வெட்டியை மாமா வாங்கி இன்னும் இரண்டு இடத்தில் வரப்பை வெட்டினார். நான் ஒரு பாத்திரத்தால் இறைத்தேன். நிலத்தைக் கரிக்குக் கொடு என்று சொல்ல வந்த மனிதர் அந்த நிலத்தைக் காப்பாற்ற எங்கள் எல்லோரையும்விட வேகமாக வேலை செய்தார். தண்ணீர் வடிந்ததும் வரப்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். செல்வம் அவர் முன் போய்க் கைகூப்பினார். செல்வத்துக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அவர்மேல் வந்த கோபம் அதைப் பார்த்ததும் போய்விட்டது.

மாமா சொன்னதை இபா தமிழில் சொன்னாள். "தண்ணி வடிஞ்சிடும், அதுல இருந்தது வடியாதுங்கறாரு. உங்களைத் திட்டலை அண்ணா. அவரு வயலும் இப்படித்தான் போச்சாம். மேல யாரோ குழி போட்டாங்க, அந்தத் தண்ணி இவர் வயல்ல எறங்கிச்சு. நெல்லு வரலைன்னதும் இவரும் குழி போட்டாரு."

அன்று மதியம் அந்தக் குழியைப் பார்க்க மாமாவே எங்களை அழைத்துப் போனார். வழியில் புல்லுக்குள் கைவிடப்பட்ட குழிகள் வேலியில்லாமல் திறந்து கிடந்தன. மாமா கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடந்தோம். மாடுகள் விழும், சில சமயம் ஆட்களும் என்றார்.

மாமாவின் குழி சதுரக் கிணறு போல நேராக இறங்கியது. எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு விளக்கு மினுங்கியது. சுவரோடு மூங்கில் ஏணிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. அடியில் கரி தட்டும் இடத்திலிருந்து நாலா பக்கமும் பொந்துகள் பிரிகின்றன. இரண்டடி, மூன்றடி உயரம். அதில் குப்புறப்படுத்து ஊர்ந்து போய், படுத்தபடியே வெட்டி, சின்னத் தள்ளுவண்டியில் கரியை இழுத்து வருகிறார்கள். எலிப்பொந்து என்று இதற்குப் பேர். வரப்பில் எலி வளை தோண்டிப் பிடித்துப் பழகிய செல்வத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "வளை எதுவரைக்கும் போகும்?" என்று மட்டும் கேட்டார்.

"கரி எது வரைக்கும் இருக்கோ அது வரைக்குமாம்" என்றாள் இபா.

ஏணியில் ஒருவர் மேலே வந்தார். அஸ்ஸாம்காரர், இளைஞர். முழங்காலில் டயர் ரப்பர் கட்டியிருந்தார். உள்ளே எதற்குப் பயம் என்று செல்வம் இந்தியில் கேட்டார். கல் விழுவதற்கா? இல்லை என்று தலையாட்டினார். தண்ணீருக்காம். பக்கத்தில் பழைய குழிகளில் மழைத் தண்ணீர் நிறைந்து நிற்கும். அது எங்கே இருக்கிறது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. ஒரு வெட்டு தவறான இடத்தில் விழுந்தால் மொத்தமும் இந்தப் பக்கம் வந்துவிடும். படுத்திருப்பவன் திரும்பி ஓட முடியாது. சொல்லிவிட்டு, ஊரில் அம்மாவிடம் கல் உடைக்கிற வேலை என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

திரும்பும்போது மாமாவிடம் இபாவை விட்டுக் கேட்டேன்: இத்தனையும் தெரிந்தும் அவளையும் ஏன் நிலத்தைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்? அவர் கோபப்படவில்லை. நெல் ஆறு மாதம் சோறு போட்டது, கரிதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது என்றார். பிறகு கேட்டார்: "உங்க நிலத்துக்கு அடியில இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

எங்கள் நிலத்துக்கு அடியிலும் நிலக்கரி இருக்கிறது என்று ஒரு சமயம் பேச்சு எழுந்தது. ஊர் ஊராகக் கூடினோம், சாலையில் உட்கார்ந்தோம், எல்லாக் கட்சிக்காரரும் வந்து எங்களோடு நின்றார்கள். அந்தப் பேச்சு நின்றது. இதைச் சொல்ல வாயெடுத்த செல்வம் சொல்லாமல் விட்டுவிட்டார். அவருக்காக ஒரு மாவட்டமே நின்றது. இபாவோடு நிற்பதற்கு நாங்கள் இரண்டு பேர்தான் போனோம், போனதும் மடையைத் திறந்துவிட்டோம்.

வெள்ளி இரவு சாப்பாட்டில் முடிவானது. இந்த வருடம் இபா நெல் போடலாம். விளைந்தால் மாமா கரிப் பேச்சை எடுக்க மாட்டார். விளையாவிட்டால் அவள் எதிர்த்துப் பேசக் கூடாது. மறுநாள் முழுவதும் செல்வம் மாமாவோடு சேர்ந்து கீழ்ப் பாதி மேல்மண்ணைச் சுரண்டி அள்ளினார், சுண்ணாம்பு தூவினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. அன்று அது தேவைப்படவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது மாமா செல்வத்தின் தோளைத் தட்டினார். இபா என்னைக் கட்டிக்கொண்டு, "கவலைப்படாதீங்க அக்கா, மேல் பாதி நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அதன் பிறகு எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்தது, குறுவை நட்டோம், அறுத்தோம். இபா வாராவாரம் போட்டோ அனுப்புவாள். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் செல்வத்துக்கு வேலை. மேல் பாதி பச்சையாகத்தான் இருந்தது. கீழ்ப் பாதி நாற்று ஊன்றிய சில நாளிலேயே நுனி சிவந்து, பிறகு அப்படியே நின்றுவிட்டது.

சென்ற மாதம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். மேல் பாதி நன்றாக விளைந்தது என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது, பாதி அளவுக்கு.

"கீழ்ப் பாதியை மட்டும் கொடுத்துட்டேன் அக்கா. சொன்ன சொல்லை மாமாவும் காப்பாத்தணும், நானும் காப்பாத்தணும் இல்ல? நடுவுல வரப்பை நல்லா உயர்த்திக் கட்டிட்டோம். அடுத்த வருஷமும் மேல நெல்லுதான். அண்ணன்கிட்ட சொல்லுங்க, அவரு வந்ததால மிஞ்சின பாதி அப்படியே இருக்கு."

செல்வம் போனை வாங்கினார். "வரப்புக்கு இந்தப் பக்கம், அடியில வர மாட்டாங்கல்லம்மா?"

"வர மாட்டாங்கண்ணா. வரப்பு இருக்கே."

அவர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் அந்தக் குழியை எட்டிப் பார்த்தவர்கள்.

"சரிம்மா" என்றார்.