கரையோரத்து மீனை நம்பாதவர்

குடும்பத்தில் அவர் மூன்றாவது பிள்ளை, ஆண்களில் இரண்டாமவர். எடை அளவுத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றார். மணமானவர், பிள்ளைகள் இல்லை. மனைவி வீட்டின் முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்களை வைத்துத் தொழில் நடத்தினார். ஓய்வுக்குப் பின், ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் ஆற்று மீன்பிடிச் சங்கத்தில் சேர்ந்தார். மூன்று பருவங்கள் உறுப்பினராக இருந்தார். இவற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'தராசு'. அவர் கடைக்குள் காலெடுத்து வைத்தால் பேச்சு நின்றுவிடும். கடைக்காரர் கை தானாகவே ஒரு பிடி சர்க்கரையைக் கூடுதலாகப் போடும். அந்தக் கூடுதல் பிடியைத்தான் அவர் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சந்தேகித்தார். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. சமையலறை மேடையில் சிறு தராசு ஒன்றை வைத்து, வாங்கி வந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் நிறுத்துப் பார்த்தபின்தான் டப்பாவில் கொட்ட விடுவார்.

"என்னங்க, உப்பு பரிட்சையில பாஸாயிடுச்சா? குழம்பு கொதிக்குது" என்பார் மனைவி.

அவரை ஆற்றுக்கு அழைத்துப் போனவர் மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுநர், சங்கத்தில் ஏற்கெனவே உறுப்பினர்; பல ஆண்டுகளுக்கு முன்பே அத்தானின் பெயரையும் காத்திருப்போர் பட்டியலில் எழுதி வைத்திருந்தார்.

"அத்தான், அக்காவோட நூல்கண்டையெல்லாம் எத்தனை மீட்டர்னு அளந்துட்டு உக்காந்திருக்கறதுக்கு, ஆத்துக்கு வாங்க. அங்க அளக்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது" என்று கூப்பிட்டார் அவர்.

அது உண்மையல்ல. அளக்க ஒன்று இருந்தது. சங்கத்தில் மொத்தம் இருபத்துநான்கு இடங்கள். புதிதாகச் சேர்பவர் மூன்று பருவங்களுக்குள் முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் ஒன்றையாவது பிடித்து, வேறொரு உறுப்பினர் அதைப் பார்த்து அளந்து, பதிவேட்டில் எழுத வேண்டும். தவறினால் இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். மீனை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. அளந்ததும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். புழுவோ மாவோ கோப்பதும் கூடாது. தூண்டில் முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை நீரின்மேல் வீச வேண்டும். மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பிக் கவ்வ வேண்டும். போலிகளைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் போலியைக் கையில் பிடித்தபடி நின்றது அவருடைய மனைவிக்கு நெடுநாள் சிரிப்பாக இருந்தது.

முதல் நாள், சங்கத்தின் தகரக் கொட்டகைக்கு வெளியே நீண்ட பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் போய் நின்றார். பேச்சு நிற்கவில்லை. ஒருவர் பேச்சினூடே நகர்ந்து இடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இதைத்தான் முதலில் சொன்னார். "நான் போனேன். அவங்க பேச்ச நிறுத்தல."

"உங்களப் பத்தி இன்னும் தெரியாது போல" என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

அந்தப் பெஞ்சு அவருக்கு எவ்வளவு வேண்டியதாகிவிட்டது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மீன் கிடைக்காவிட்டால் பெஞ்சும் இல்லை என்பதை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை.

வினை, பெஞ்சில் கிடைத்த அறிவுரைகளில் தொடங்கியது. கேட்காமலே சொன்னார்கள். வந்ததும் தண்ணீரில் இறங்காதே, முதலில் உட்கார்ந்து பார் என்றார் மைத்துனர். நடு ஆற்றுக்கு வீசாதே, மீன் கரையோரத்தில்தான் நிற்கும், கிட்டத்தில் வீசு என்றார் சங்கச் செயலாளர். இருபது ஆண்டுகளாக உறுப்பினராக இருந்த பல் மருத்துவர் அம்மையார் அந்த இரண்டையும் சொல்லிவிட்டு, சின்னப் பூச்சியாகக் கட்டு, முள்ளில் பின்னோக்கி நீளும் கூர்மையைக் குறட்டால் நசுக்கிவிடு, பூச்சியை இழுக்காமல் தண்ணீரின் போக்கிலேயே விடு என்றும் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் கடைசியில் ஒரே மாதிரி முடித்தார்கள்: "நான் கத்துக்குட்டியா இருந்தப்ப இத யாராவது சொல்லியிருந்தா எத்தனையோ வருஷம் மிச்சமாயிருக்கும்."

எல்லாவற்றையும் அவர் நாள், நேரம், சொன்னவர் விவரத்துடன் குறிப்பேட்டில் எழுதினார். எழுதி முடித்துப் படித்தபோது புருவம் நெரிந்தது. மூவர் சொன்னதும் ஒன்றோடொன்று அச்சு அசலாகப் பொருந்தியது. அவருடைய அனுபவத்தில், மூன்று கடைகளில் எடைக்கல் ஒரே அளவு குறைந்தால் மூன்றையும் ஒரே கை அரம் போட்டிருக்கிறது என்று பொருள். இவர்கள் மட்டும் ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? பத்து ஆண்டுகளாகக் காத்திருக்கிறவர்களின் பட்டியலில் இவர்களுடைய உறவினர் எத்தனை பேரோ? கொழுத்த மீன்கள் நடு ஆற்றில் இருக்கும். புதியவனைக் கரையிலேயே உட்கார வைத்துவிட்டால் மூன்று பருவங்கள் தானாகக் கழிந்துவிடும். முள்ளின் கூர்மையை நசுக்கச் சொன்னதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. அது சதி என்று உறுதியாகவே தெரிந்தது. மாட்டிய மீனும் நழுவிப் போவதற்கு அதைவிட நல்ல வழி உண்டா?

எனவே அவர் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தார். மார்பு வரை ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு, வந்த வேகத்தில் நடு ஆறு வரை இறங்கி நின்று, எதிர்க்கரை வரை நூலை வீசினார். கட்டைவிரல் பருமனுள்ள மஞ்சளும் சிவப்புமான பூச்சிகள் நாற்பது வாங்கினார். மைத்துனர் தம் கையால் கட்டிக் கொடுத்த பழுப்பு நிறச் சிறு பூச்சி ஒன்றை மட்டும் பயன்படுத்தாமல் காகிதத்தில் மடித்து, மேலே தேதி எழுதி, சாட்சிப் பொருளாகப் பெட்டியில் வைத்தார்.

இரண்டு பருவங்கள் முடிந்தன. மீன் இல்லை. மூன்றாவது பருவத்தின் கடைசி நாளும் வந்தது. வியாழக்கிழமை. பல் மருத்துவமனைக்குப் பிற்பகல் விடுமுறை. அம்மையார் தனியாக ஆற்றின் மேல்வளைவுக்குப் போவார். யாரும் பார்க்காதபோது அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார் தராசுக்காரர். எதிர்க்கடையில் நின்று வேவு பார்ப்பது அவருக்குப் புதிதல்ல.

அலமாரியிலிருந்து மங்கிய காக்கிச் சட்டையை எடுத்தபோது மனைவி பார்த்துவிட்டார்.

"இன்னிக்கு யாரப் பிடிக்கப் போறீங்க?"

"மீன."

"மீனுக்கு எதுக்குங்க வேவு பாக்கற சட்டை?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். சட்டைப்பையில் துறை முத்திரையிட்ட எஃகு அளவுகோலும் குறிப்பேடும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மேல்வளைவில், தண்ணீரை ஒட்டிய நாணலுக்குப் பின்னால், முழங்கால் வலிக்க வலிக்கக் குந்தினார். மூன்று பத்துக்கு அம்மையார் வந்தார். எதிர்ப்புறக் கல்லொன்றில் உட்கார்ந்தார். தூண்டில் கோலைத் தொடவில்லை. 'யாருக்காகவோ காத்திருக்கிறார்' என்று எழுதிக்கொண்டார் தராசுக்காரர். இருபது நிமிடங்கள் ஆயின. யாரும் வரவில்லை. அம்மையார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டியிட்டு, இரண்டு கோல் தூரத்துக்கு மேல் போகாமல், தம் கரையோரத்திலேயே வீசினார். பூச்சி நீரோடு நீராக மிதந்து போயிற்று. மூன்றாம் வீச்சில் மீன். குறடு எதையும் எடுக்காமல் முள்ளை இரண்டு விரலால் கழற்றி மீனை விட்டார்.

தராசுக்காரர் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். ஒரு குண்டுமணி எடை வித்தியாசம் இல்லை. ஒருவேளை நாம் இங்கே இருப்பது தெரிந்து நடிக்கிறாரோ என்றுகூட ஒரு கணம் எண்ணினார்.

அப்போது அவர் காலடியில் 'பொளக்' என்றது.

அசையாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினார். கரைப்புல் நீரில் தோய்ந்து கிடந்த இடத்தில், முழங்கால் ஆழங்கூட இல்லாத தண்ணீரில், ஒரு கை எட்டும் தூரத்தில் மீன் நின்றது. மூக்கை நீட்டி மேலே வந்த சிறு பூச்சியை உறிஞ்சியது. மீண்டும் அதே இடத்துக்கு இறங்கியது. வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் ஆற்றில் இறங்கும் இடம் அதுதான். மூன்று பருவங்களாக ரப்பர் காலால் இந்த மீனின் வீட்டு வாசலை மிதித்துத் துரத்திவிட்டுத்தான் நடு ஆற்றுக்குப் போயிருக்கிறார். ஒளிந்துகொள்வதற்காக உட்கார்ந்ததால்தான் இன்று அது கண்ணில் பட்டது.

பெட்டியைத் திறந்தார். நாற்பது பூச்சிகளும் அந்த மீனின் தலைக்குச் சமமாக இருந்தன. கடைசியில் காகிதத்தைப் பிரித்துச் சாட்சிப் பொருளை எடுத்தார். முள்ளின் கூர்மையை மைத்துனர் முன்பே நசுக்கியிருந்தார். முதல் வீச்சு நாணலில் சிக்கியது. இரண்டாவது மீனுக்குப் பின்னால் விழுந்தது. மூன்றாவது நீரோட்டத்தில் அதற்கு முன்னால் விழுந்து மெல்ல மிதந்து வந்தது. மீன் எழுந்தது. வழக்கமாக அவசரப்பட்டு வெடுக்கென்று இழுப்பவர், கை மரத்துப் போனதால் இழுக்கவில்லை. மீன் பூச்சியோடு திரும்பிய பிறகுதான் கோல் நிமிர்ந்தது, நூல் விறைத்தது.

மீன் மாட்டிவிட்டது, பார்த்தவர் வேண்டுமே? ஆற்றில் இருந்தவர் ஒருவர்தான். அவரைக் கூப்பிட்டால் ஒளிந்திருந்த கதை வெளியே வரும்.

"டாக்டர்!" என்று கத்தினார். "டாக்டர், இங்க வாங்க!"

அம்மையார் வலையோடு ஆழமில்லாத இடமாகப் பார்த்துக் கடந்து வந்தார். "நீங்களா? எவ்வளவு நேரமா இங்க இருக்கீங்க?"

"மூணு மணில இருந்து."

"அதான் நாணல் ஆடிச்சு. நரியோன்னு நெனச்சேன்." வலையை மீனுக்குக் கீழே தண்ணீரில் விட்டார். "கைய நனைச்சுக்கிட்டுத் தொடுங்க. காஞ்ச கைன்னா அதோட மேல்தோல் போயிடும். இதையும் சொன்னேனே?"

"சொன்னீங்க. கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கேன்."

அம்மையார் கழுத்தில் மாலைபோல் தொங்கிய துணி நாடாவை எடுத்து, வலைக்குள் தண்ணீரிலேயே மீனை ஒட்டிப் பிடித்தார். "முப்பதரை! பொழச்சீங்க போங்க. நானே எழுதறேன்."

தராசுக்காரரின் கண் நாடாவிலேயே நின்றது. எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நனைந்து நனைந்து காய்ந்து சுருங்கிய பருத்தி நாடா. இப்படிப்பட்ட நாடாக்களைத் துணிக்கடைகளில் எத்தனையோ முறை பறிமுதல் செய்திருக்கிறார். அவருடைய கை சட்டைப்பைக்குப் போய் அளவுகோலின் மேல் நின்றது. எடுக்காமல் விட்டால் பெஞ்சு அவருடையது. அதில் யாரும் பேச்சை நிறுத்தப் போவதில்லை.

அளவுகோலை எடுத்து மீனருகே வைத்தார். வால் நுனி முப்பதாம் கோட்டைத் தொடவில்லை. இருபத்தொன்பது புள்ளி ஆறு.

"நாலு மில்லிமீட்டர் சார்!" அம்மையார் நிமிர்ந்தார். "சங்கத்துக்கு என் நாடா போதும். பேசாம இருங்க."

"கடைக்காரங்க எல்லாரும் என்கிட்ட சொன்னது இதேதான் டாக்டர். நாலு கிராம்தானே சார்னு."

அம்மையார் கொஞ்ச நேரம் நாடாவையும் அளவுகோலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நான் எழுதின மீனெல்லாம்?"

"நாடா ஒரே நாள்ல சுருங்காது. கடைசி அஞ்சாறு வருஷத்த மட்டும் திருத்தினா போதும்."

அம்மையார் சிரித்த சிரிப்பில் அக்கரையிலிருந்த பறவைகள் கிளம்பின. "ஒளிஞ்சிருந்து கடைசியில என்னையும் பிடிச்சிட்டீங்களே, தராசு!"

முகத்துக்கு நேராக அந்தப் பெயரைக் கேட்டது அவருக்கு அதுவே முதல் தடவை. குனிந்து முள்ளைக் கழற்றினார். நசுக்கிய முள் வலிக்காமல் வந்தது. மீன் வலையை விட்டு, கரைப்புல்லுக்கு அடியிலேயே போய் மறைந்தது. இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். வேறு மீன் எழவில்லை.

பதிவேட்டில் அம்மையார் எழுதினார்: 'இருபத்தொன்பது புள்ளி ஆறு. எஃகு அளவுகோல்.' அதே பேனாவால் தம்முடைய மீன்களில் பதினொன்றைத் திருத்தினார். மறுவாரம் கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தராசுக்காரர் போனபோது, பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாங்கி அளவுகோலில் வைத்துப் பார்த்தார். மூன்று சரியாக இருந்தன, இரண்டு சுருங்கியிருந்தன. பேச்சு நிற்கவில்லை.

திரும்பும் வழியில், உடன் வந்த மைத்துனரைக் கேட்டார். "அந்தச் சின்னப் பூச்சிய எதுக்காக எனக்குக் குடுத்தே?"

"மீன் பிடிக்கத்தான் அத்தான். வேற எதுக்கு?"

தராசுக்காரர் சிறிது தூரம் அதை யோசித்துக்கொண்டே நடந்தார். வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டில் அந்தப் பதிலை எழுதினார். கேள்விக்குறி போடப் போய், போடாமல் விட்டார்.

காத்திருப்போர் பட்டியலில் மறுபடியும் பெயர் கொடுத்தார்; அவர் எண் பதினேழு. ஆண்டுக்கு இரண்டு இடம் காலியாகும். எட்டரை ஆண்டுகள்.