ஓடியது குரு அல்ல

போன செவ்வாய்க்கிழமை லிந்துலையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவர்கள்: என் தங்கச்சி செல்வி, அவள் புருஷன் ரவி, அவர்களுடைய பத்து மாதப் பெண்பிள்ளை, நான்.

பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. நாக்கு காய்ந்திருந்தது. எனக்குச் சும்மாவே பயம் வரும் — வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா?

“வயித்தால போனது நின்னுருச்சா?”

“இல்லண்ணே, ரத்தமும் போகுது. பயப்படாதீங்க... குரு அதிசாரந்தான். நர்ஸே சொல்லிட்டாங்க.”

சிங்கள நர்ஸ் ஜாதகமா பார்ப்பார்?

நடந்தது இதுதான். கோயில் ஐயர் ஏற்கெனவே, குரு அதிசாரமாக ஓடுகிறார், பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார். முந்தின நாள் கிளினிக்கில் நர்ஸ் பிள்ளையைப் பார்த்து, சிங்களத்தில் “அதீசாரே” என்றாராம். தண்ணீரில் கரைத்துக் கொடுக்க உப்புத்தூள் பாக்கெட்டும் கொடுத்து, நிற்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாராம். இவர்களுக்கு எல்லாம் பொருந்திவிட்டது!

“வியாழக்கிழம கொண்டக்கடல மால போட்டா சரியாகிரும் மச்சான்” என்றார் ரவி.

“அந்தப் பாக்கெட்டு?”

“தண்ணி குடுத்தா இன்னும் போகுமேன்னு கரைக்கல.”

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆட்டோ தானாகவே ஸ்டார்ட் ஆனது.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா. சேலைன் ஏற்றிவிட்டு, செல்வி சொன்ன குரு கதையைக் கேட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, அதி எண்டால் மிஞ்சினது. சாரம் எண்டால் ஓட்டம். கிரகம் ஓடினால் சாத்திரியார் அப்பிடிச் சொல்லுவார். வயிறு ஓடினாலும் அதே சொல்தான், சிங்களத்திலயும் தமிழிலயும். பிள்ளைக்கு வந்தது வயித்தோட்டம். கிருமி.”

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்... தெரியாத சொல் என்றால் என்னவென்று கேட்போம். தெரிந்த சொல்லாகவே வந்து நின்றால்? யார் கேட்கிறார்கள்?

இதை வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுதான் நர்ஸ் வெளியே வந்து “டிக்கக் ஹொந்தாய்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டிக்கக் ஹொந்தாய்னா கொஞ்சம் நல்லாருக்குன்னுதானேண்ணே? வேற அர்த்தம் ஒன்னும் இல்லையே?”

பிறந்ததிலிருந்து கடையிலும் பஸ்ஸிலும் கேட்கிற சொல். ஆனாலும் டொக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட எழுந்து போகிறேன்.