காயாத மண்

மண்ணைச் சலித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் நிரப்பிக் கருவிக்குள் வைத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மண்மேல் பட்டுத் திரும்பும். திரும்பி வந்ததை, ஏற்கெனவே சோதித்து வைத்திருக்கும் மண்களோடு ஒப்பிட்டு, இதில் இலை தழை மக்கிச் சேர்ந்த மக்கு எவ்வளவு, களிமண் எவ்வளவு என்று அரை நிமிடத்தில் கருவி சொல்லிவிடும். வந்து பார்க்கிறவர்கள் அந்த அரை நிமிடத்தைப் பார்த்துத்தான் அசந்துபோவார்கள். அதற்கு முன்னால் மூன்று நாள் மண்ணைக் காயவைத்து, வேர் பொறுக்கி, கட்டி உடைத்து, சலிப்பது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான்தான். கருவிக்கு ஏசி, எனக்குத் தும்மல்.

அம்பத்தூரில் அந்த ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. திருமுல்லைவாயிலில் ரயில் ஏறும்போதே வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று இருக்கும். வேலை பிடிக்காமல் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. மேஜை, ஜன்னல் திட்டு, நாற்காலி என்று கண்ட இடத்திலெல்லாம் தட்டுத் தட்டாக மண்ணைப் பரப்பி, ஃபேனைச் சுழலவிட்டும் எதுவும் காயவில்லை. மேலதிகாரியோ வந்த மண்ணுக்கு மறுநாளே அறிக்கை போயாக வேண்டும் என்று நின்றார்.

அந்த வாரத்தில்தான் அந்த அம்மா வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. திருமழிசை தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் அரை ஏக்கர், தலைமுறையாகக் கீரை போடுகிற நிலம். கணவர் இல்லை. அதை லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுவிடலாம் என்று கொழுந்தனார் ஒரே பிடியாக இருக்கிறாராம். இவர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு போகம் மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார். மண்ணைக் கொடுக்கும்போதே இவ்வளவையும் சொன்னார். நான் பெயரை எழுதிக்கொண்டே பாதிக் காதால் கேட்டேன்.

மறுநாள் அவர் மண் மேலாகக் காய்ந்த மாதிரி இருந்தது. அழுத்தினால் விரலில் ஒட்டியது. ஈர மண் கறுத்துத் தெரியும், மக்கு நிறைந்த மண்ணும் அப்படித்தான். காய்ந்த மண்களை மட்டுமே பார்த்துப் பழகிய எங்கள் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். கருவிகூடச் சந்தேகப்பட்டு ஒரு மஞ்சள் எச்சரிக்கை காட்டியது. தொடரலாமா என்று கேட்டது. மழைக்காலத்தில் நாங்கள் எல்லோரும் அழுத்துவதுபோல நானும் தொடரலாம் என்று அழுத்தினேன். மக்கு ஏராளம், எரு தேவையில்லை என்று அறிக்கை வந்தது.

மாசியில் அவர் திரும்ப வந்தார். அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கசங்காமல் வைத்திருந்தார். வழக்கம்போல ஆட்டு எரு அடிக்கலாம் என்றுதான் நினைத்தாராம். தாளிலேயே தேவையில்லை என்று போட்டிருக்கும்போது வீண் செலவு எதற்கு என்று கொழுந்தனார் தடுத்துவிட்டாராம். முளைக்கீரை விரல் உயரத்தோடு நின்று மஞ்சளாகிப் போனது. பங்குனி பிறந்ததும் லாரி வந்துவிடும்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் தயாரானேன். அவர் குரலே உயரவில்லை.

“மண்ணு நல்லா கீதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அப்ப நான்தான் இன்னாமோ தப்பு பண்ணிக்கீறேன். அது இன்னான்னு சொல்லும்மா.”

மீந்த மண்ணைப் பொட்டலம் கட்டி அலமாரியில் வைப்பது எங்கள் வழக்கம். தேடி எடுத்தேன். மூன்று மாதத்தில் பொடியாக உலர்ந்திருந்தது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே கருவிக்குள் வைத்தேன். மக்கு முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. எரு கட்டாயம் போட வேண்டிய மண்.

உங்கள்மேல் தப்பே இல்லை, ஈரத்தோடு வைத்தது நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“என் கை ராசியில்லாத கைன்னு ஊட்ல சொல்லிகினு கீறாங்க. நீ சொன்னதை அப்படியே எழுதிக் குடு, போதும்.”

உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டேன். இன்றைய தேதியில் புது அறிக்கை வேண்டுமானால் கொடுக்கலாம், பழையது தப்பு என்று மட்டும் எழுதக்கூடாது என்றார். புது அறிக்கையை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்? நன்றாக இருந்த மண்ணையும் கீரை போட்டுக் கெடுத்துவிட்டாள் என்று அதற்கும் அவரையேதான் சொல்வார்கள்.

வெள்ளைத்தாளில் என் கையாலேயே எழுதினேன். மண் காயும் முன்பே சோதித்தது என் தவறு, எரு போட வேண்டும் என்று இவர் நினைத்ததுதான் சரி. கீழே கையெழுத்துப் போட்டேன். படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“சீலு வைக்கலியாம்மா? போன தாள்ல இருந்துதே. அது இல்லாட்டி நம்ப மாட்டாங்க.”

இதற்கெல்லாம் சீல் வைப்பதில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

சீல் என் முழங்காலை இடிக்கிற இழுப்பறையில்தான் இருந்தது. அதை நாங்கள் பூட்டுவதுகூட இல்லை.